நானே கலைத்த கூட்டம்

பிரான்சில் தெருவில் நின்று கூட்டம் போடுவதற்குப் பொலிசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று நான் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிற்கவில்லை, மற்றவர்களுக்கும் வகுப்பெடுத்தேன். பாரிசில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் மரக்கறி வாங்க நிற்கிறவர் யாராவது, "அண்ணை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பெர்மிசன் கிடைச்சுதோ?" என்று கேட்டால், அதை நானே போய்ப் பேசி வாங்கி வந்ததுபோல, "ஓம் ஓம், கிடைச்சிட்டுது" என்று தலையாட்டுவேன்.

புதிதாக மைக் பிடிக்க வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டில் மாமன்மாரின் பெயரை வயது வரிசையில் சொல்ல வேண்டும், அரங்கேற்றத்துக்குப் பிரதம விருந்தினர் மூன்று பேர் என்றால் மூன்று பேருக்கும் ஒரே நீளத்தில் புகழ் பாட வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தானாக வந்துவிடும். என் தொண்டையில் ஒரு முடிச்சு விழுந்து, "இனி மெதுவாகத்தான் பேச வேண்டும்" என்று டாக்டர் சொல்லும்வரை நானும் இவற்றால்தான் பிழைத்தேன். மெதுவாகப் பேசுகிற அறிவிப்பாளனை யார் கூப்பிடுவார்கள்? ஐம்பது கடந்த கையோடு ஓய்வு. அந்த டாக்டருக்கு ஒரு பெட்டி லட்டு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று என் மனைவி மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே மண்டபத்தை விட்டுவிடுகிறேன். தெருவில் மைக் பிடிப்பதைப் பற்றி எழுதுகிறேன். அதில் நான் கெட்டிக்காரன் இல்லை. ஆனால் எந்த இடத்தில் சறுக்கும் என்பது என் முழங்காலுக்குத் தெரியும்.

அனுமதி என்று நினைத்துவிட்டால் அதோடு ஒரு பயமும் இலவசமாக வரும். தந்தவர் எந்த நிமிஷமும் பறிக்கலாம் அல்லவா? போதாக்குறைக்கு நான் அப்போது பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தேன். நசனாலிட்டிக்குப் போட்டிருந்தேன் என்றால்தான் உங்களுக்கு விளங்கும். போட்ட நாளிலிருந்து, ரோட்டில் போகிற பொலிஸ் கார் எல்லாம் என்னுடைய கோப்பை வாசித்துக்கொண்டே போவதாக எனக்கு ஒரு நினைப்பு.

அதனால் சட்டத்தில் இல்லாத சட்டங்களை நானே இயற்றினேன். ஆர்ப்பாட்டத்தில் குழப்பம் நடக்கிற இடத்தில் காரணமில்லாமல் முகத்தை மூடிக்கொண்டு நிற்பது இங்கே குற்றம் என்று யாரோ சொன்னார்கள். உண்மைதான். குழப்பம் என்ற சொல்லை மட்டும் நான் காதில் வாங்கவில்லை. தை மாதக் குளிரில், தடிமன் பிடித்து மூக்கு ஒழுகிக்கொண்டு நின்ற ஒரு பெரியவரின் கழுத்துத் துண்டை இழுத்து இறக்கிவிட்டேன். அவர் திரும்ப மூட, நான் திரும்ப இறக்க, கடைசியில் அவர், "தம்பி, என்ரை மூக்கிலை என்ன ரகசியம் இருக்கு?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். கூட்டத்தில் ஓர் ஆள் குறைந்தது. பொலிஸ் ஒன்றும் செய்யவில்லை. நான்தான் செய்தேன்.

பேசுகிறவர்களின் தாளையும் முன்கூட்டியே வாங்கித் திருத்துவேன். ஒருவர் "வெட்கக்கேடு, வெட்கக்கேடு" என்று எழுதி வந்தார். இது காரமாக இருக்கிறது என்று "மனவருத்தம்" ஆக்கினேன். மனிதர் பழைய ஆவேசத்தோடேயே மேசையில் அடித்து, "மனவருத்தம், மனவருத்தம்" என்று முழங்கினார். பின்வரிசையில் நின்றவர்கள் யாரோ இறந்துவிட்டார் என்று நினைத்து, எந்த ஊர், எப்போது எடுக்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

இப்படி இருந்த காலத்தில்தான் கலா அக்காவின் விஷயம் வந்தது.

கலா அக்கா ஒரு மருத்துவமனையில் வயோதிபரைக் குளிப்பாட்டி உடுத்தி உணவு கொடுக்கிற வேலை செய்கிறவர். பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் வீடு. இலங்கையில் யுத்தம் முடிந்த நாட்களில், சரணடையச் சொல்லி அறிவித்தபோது, தன் தம்பியைத் தானே கூட்டிக்கொண்டுபோய் இராணுவத்திடம் ஒப்படைத்தவர். அதற்குப் பிறகு அந்தத் தம்பியைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. இது லா ஷப்பலில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அக்கா அதைப் பற்றி மேடையில் ஒருநாளும் பேசியதில்லை. காணாமல் போனவர்களுக்காக நாங்கள் நடத்துகிற கூட்டங்களில் தம்பியின் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதோடு சரி.

ஒரு முறை இலங்கையிலிருந்து முதலீட்டுக் குழு ஒன்று பாரிசுக்கு வந்தது. எங்கள் வர்த்தகர்களைச் சந்தித்து, ஊரில் பணம் போடுங்கள் என்று கேட்கப் போகிறார்களாம். சந்திப்பு லா ஷப்பலிலேயே, மெட்ரோவுக்குப் பின்னால் உள்ள ஒரு மண்டபத்தில். குழுவில் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவரும் இருந்தார். அக்கா தம்பியை ஒப்படைத்த இடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர்தான். அந்தப் பெயரைக் கேட்டதும் அக்கா வேலைக்கு லீவு சொன்னார். தானே ஏற்பாட்டாளராகக் கையெழுத்துப் போட்டு, பிரெபெக்சர் என்கிற பொலிஸ் தலைமை அலுவலகத்தில் கூட்டத்தை அறிவித்தார். அந்த ஆள் வந்து இறங்கும் நேரம், அவர் காதில் விழும் தூரத்தில் நின்று பேச வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

பிரெபெக்சர் தடை போட்டது. நகரத்தில் வேறு இடங்களில் கலவரமான கிழமை அது. மண்டபத்தைச் சுற்றி உள்ள தெருக்கள் எதிலும் அன்றைக்கு யாரும் கூடக்கூடாது, கூடினால் தண்டம் என்று உத்தரவு. உடனே எங்கள் ஆட்களுக்கு நோய்நொடிகள் தொடங்கின. பதாகை அச்சடித்துத் தருவதாகச் சொன்னவரின் மெசின் பழுது. பஸ் பிடித்து ஆட்களைக் கொண்டுவருவதாகச் சொன்னவரின் மாமியாருக்குச் சுகமில்லை. அவர் மாமியாரை நாங்கள் எல்லாரும் போய்த் தகனம் செய்துவிட்டு வந்து வருஷங்கள் ஆகின்றன.

எனக்கும் உள்ளுக்குள் நிம்மதிதான். தடை என்றால் தடை, வீட்டில் படுக்கலாம். ஆனால் அக்கா தடையை எதிர்த்து வழக்குப் போட ஒரு வழக்கறிஞரைப் பிடித்தார். ஒரு பிரெஞ்சுப் பெண்மணி. என்னையும் கூட்டிக்கொண்டு போனார், மொழிக்கு இல்லை, துணைக்கு. அங்கேதான் என் நெடுங்கால நம்பிக்கை உடைந்தது. நான் "பெர்மிசன்" என்று நாலு முறை சொல்லியிருப்பேன். அந்தப் பெண்மணி பொறுமையாக, "ஐயா, நீங்கள் அனுமதி கேட்கவில்லை. கூடப் போகிறோம் என்று அறிவிக்கிறீர்கள். தடுக்க வேண்டும் என்றால் காரணம் காட்ட வேண்டியது அவர்கள்" என்றார். ஊரெல்லாம் என்னை அறிவிப்பாளர் என்று கூப்பிடுகிறது. அறிவிப்பது என்றால் என்ன என்று எனக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தது ஒரு வழக்கறிஞர்.

சனிக்கிழமை நீதிபதி தீர்ப்புச் சொன்னார். எல்லாத் தெருவையும் மூடுவது மிகை. ஊர்வலம் கூடாது, ஆனால் மெட்ரோப் பாலத்துக்குக் கீழே உள்ள மூலையில், ஐந்து மணிவரை, நின்றபடி கூட்டம் நடத்தலாம். அந்த மூலையிலிருந்து மண்டபத்து வாசல் தெரியும்.

தடை வந்த செய்தி அன்றே புறநகர் எபினேவரைக்கும் பறந்து போய்ச் சேர்ந்திருந்தது. தடை நீங்கிய செய்தியோ நடந்துதான் போனது. நாங்கள் ஆளாளுக்கு போன் எடுத்துச் சொன்னோம். "இல்லை அண்ணை, எதுக்கும் இந்தமுறை விடுவம்" என்றவர்கள்தான் அதிகம். வழக்கமாக வருகிறவர்களில் பாதிப் பேர் வந்தார்கள். அதுவே பெரிய விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தொடங்குமுன் பழக்கதோஷத்தில் அக்காவிடம் போனேன்.

"அக்கா, என்ன கதைக்கப் போறியள் எண்டு ஒருக்காக் காட்டுங்கோவன்."

"ஏன், நீயும் என்னோடை சேந்து கதைக்கப் போறியோ?"

"இல்லை, ஆற்றையும் பேர் சொல்லாமல், பொதுவாச் சொன்னா எல்லாருக்கும் நல்லது..."

"என்ரை தம்பி பொதுவாக் காணாமல் போகேல்லை."

நான் மைக்கடிக்குப் போய்விட்டேன்.

கூட்டம் ஒழுங்காகவே நடந்தது. படங்களோடு பெண்கள் முன்வரிசையில். இரண்டு ஒலிபெருக்கி, அது சவுண்ட் தேவாவின் உபயம். தலைக்கு மேலே மெட்ரோ போகும்போது நான் நிறுத்துவேன், போனதும் தொடருவேன். இங்கே பிறந்த பிள்ளைகள் சிலர் பிரெஞ்சில் பேசினார்கள். வீதிக்கு மறுபக்கம் பொலிஸ் வண்டிகள். அவர்கள் பாட்டுக்கு நின்றார்கள். குழு வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசிப் பேச்சு அக்காவுடையது. அவர் படத்தை நெஞ்சோடு பிடித்தபடி என் பக்கத்தில் வந்து நின்றார். "அடுத்ததாக" என்று நான் வாயெடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போது வீதியைக் கடந்து ஓர் அதிகாரி வந்தார்.

நல்ல உயரம். தோளில் கோடுகள். நேராக என்னைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு மனிதன் ஒரு வீதியைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? அந்த நேரத்துக்குள் என்னைக் கைது செய்து, விசாரித்து, கோப்பில் சிவப்பு மையால் கீறி, விமானம் ஏற்றி, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறக்கி, அங்கே என்னைக் கூட்டிப்போக யாரும் வராமல் நான் பெட்டியோடு நிற்கிற இடம்வரைக்கும் நான் போய் வந்துவிட்டேன். அவர் இன்னும் நடைபாதையில் காலே வைக்கவில்லை. என் வாய் தானாகத் திறந்தது.

"அன்பார்ந்த உறவுகளே, இத்துடன் இன்றைய நிகழ்வுகள் இனிதே நிறைவு பெறுகின்றன. வருகை தந்து சிறப்பித்த அனைவருக்கும் எமது மனமார்ந்த நன்றிகள். அனைவரும் உணவருந்திவிட்டுச் செல்லுமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறோம்."

இனிதே. காணாமல் போனவர்களின் கூட்டத்தில். உணவு வேறு. அங்கே ஒரு வடைகூடக் கிடையாது. பயத்தில் என் மூளை போய்ச் சேர்ந்த இடம் கல்யாண மண்டபம்.

எங்கள் சனத்தின் நல்ல குணமும் கெட்ட குணமும் ஒன்றுதான்: மைக்கில் சொன்னால் கேட்பார்கள். அதுவும் என் குரலில் சொன்னால் கேள்வியே இல்லை. படங்கள் பைகளுக்குள் போயின. சிலர் மெட்ரோப் படியில் ஏறினார்கள். இவ்வளவு தூரம் வந்ததற்கு முருங்கைக்காயாவது வாங்குவோம் என்று சிலர் கடைப்பக்கம் திரும்பினார்கள். இரண்டொருவர் சாப்பாடு எங்கே என்று தேடினார்கள்.

அதிகாரி வந்து சேர்ந்தார். வணக்கம் சொன்னார். அந்த வெள்ளை வான் உங்களுடையதா என்று கேட்டார். தேவாவின் வான் ஒரு கராஜ் கதவை மறித்து நிற்கிறதாம், உள்ளே ஒருவர் காரை எடுக்க முடியாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்கிறாராம், மைக்கில் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?

யோசித்துப் பாருங்கள். மறித்து நிற்கிற வாகனத்தை எடுக்கச் சொல்வது. என் வாழ்க்கையில் நான் அதிக முறை செய்த அறிவித்தல் அதுதான்.

பிறகு அவர் சுற்றிலும் பார்த்து, "முடிந்துவிட்டதா? ஐந்து மணிவரைக்கும் என்றல்லவா இருந்தது?" என்றார். குற்றம் சொல்லவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

கலா அக்கா என்னைப் பார்த்தார்.

"ஆர் முடிக்கச் சொன்னது?"

"பொலிஸ்..." என்று நான் இழுத்தேன்.

அவர் அதிகாரியிடம் திரும்பி, நோயாளிகளிடம் மாத்திரை போட்டீர்களா என்று கேட்கிற அதே தெளிந்த பிரெஞ்சில், கூட்டத்தை முடிக்கச் சொன்னது நீங்களா என்று கேட்டார். இல்லை மேடம், நான் வானுக்காகத்தான் வந்தேன் என்றார் அவர்.

அக்கா சத்தம் போடவில்லை.

"நீதிபதி எடுத்துவிட்ட தடையை நீயெல்லோ தம்பி திருப்பிப் போட்டிட்டாய்."

ஏச்சு வாங்காத அறிவிப்பாளன் இல்லை. மாப்பிள்ளையின் பெயரை மாற்றிச் சொல்லி அடி வாங்கும் அளவுக்கும் போயிருக்கிறேன். ஆனால் அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு எனக்குத் தலையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தெருவின் அந்தப் பக்கத்தில் குழுவின் கார்கள் எந்த நிமிஷமும் வரலாம். அக்காவுக்கு முன்னால் இருந்த சனம் கலைந்துகொண்டே இருந்தது. வெற்று மூலையில் நின்று ஒருத்தி தனியாகக் கத்தினால் அதைக் கேட்கிறவர் பைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதனால் ஆட்கள் வேண்டும்.

மைக்கைத் தூக்கினேன். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் என் கையில் ஒரு சுலபமான வசனம் இருந்தது: "ஒரு சிறிய இடைவேளைக்குப் பின்னர் நிகழ்ச்சிகள் தொடரும்." அழகான பொய். ஒருவருக்கும் தெரியாது, என் மானமும் தப்பும். வாயைத் திறக்கிற நேரம் தலைக்கு மேலே மெட்ரோ வந்தது. மெட்ரோ போகும்வரை பேசக்கூடாது என்பது என்னுடைய விதி, நின்றேன். அந்த இடைவெளியில், மெட்ரோப் படியில் ஏறுகிறவர்களின் முதுகைப் பார்த்தேன். இடைவேளை என்றால் இவர்கள் திரும்ப மாட்டார்கள். பொலிஸ் கலைத்தது என்றுதானே நினைத்துப் போகிறார்கள். அந்தப் பயத்தைப் போட்டவன்தான் எடுக்க வேண்டும்.

மெட்ரோ போனது.

"பொலிஸ் ஒண்டும் சொல்லேல்லை. ஐஞ்சு மணிவரைக்கும் நிக்க எங்களுக்கு உரிமை இருக்கு. நான்தான் பயந்துபோய் முடிச்சிட்டன். திரும்பி வாங்கோ. சாப்பாடும் இல்லை."

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு படியில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்கள். பையிலிருந்து படங்கள் வெளியே வந்தன. எல்லாரும் இல்லை. ஏற்கெனவே மெட்ரோவில் ஏறிவிட்டவர்கள் போனதுதான். அதில் என் மனைவியும் ஒருவர். பிறகு கேட்டதற்கு, "நீங்கள்தானே போகச் சொன்னியள்? இத்தனை வருஷத்திலை நீங்கள் சொல்லி நான் கேட்டது அது ஒண்டுதான்" என்றார்.

இங்கே நின்று உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பொலிஸ் எல்லா நாளும் வான் விஷயமாகத்தான் வருவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையாகவே கலைக்க வந்த நாட்களும் இருக்கின்றன. நின்றதற்காகத் தண்டம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். அந்த நாளில் சனத்துக்கு உண்மையைச் சொல்லுங்கள்: இன்னார் கலையச் சொல்கிறார், இன்ன காரணம் சொல்கிறார், நிற்பதும் போவதும் உங்கள் முடிவு, நின்றால் இது நடக்கலாம். ஆனால் முதலில் அவர் வாயைத் திறக்கட்டும். "என்ன விஷயம்?" என்று கேளுங்கள். அந்த இரண்டு சொல்லுக்கு எந்தச் சட்டத்திலும் தண்டம் இல்லை. நீதிபதி நிற்கலாம் என்று சொன்ன மூலையில்கூட நான் நிற்க அஞ்சினேன். தடை ஒரு தெருவுக்கு என்றால் நாங்கள் மூன்று தெரு தள்ளி நடக்கிறோம். அந்த மிச்சம் இரண்டு தெருவும் யாரும் எங்களிடம் கேட்காதது.

பேச்சைத் திருத்துவதையும் அன்றோடு விட்டேன். காரம் கூடினால் பேசியவர் பொறுப்பு. சட்டம் அவரைத்தான் கேட்கும், கேட்டால் பதில் சொல்ல அவருக்கு வாய் இருக்கிறது. எங்கள் வேலை மைக்கின் உயரத்தைச் சரிசெய்வது. நசனாலிட்டி, நீங்கள் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன், பிறகு கிடைத்தது. நேர்முகத்தில் அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நான் பாடமாக்கி வைத்த பிரெஞ்சுப் பதில் ஒரு பக்கத்துக்கு இருந்தது. அதை என் மருமகனுக்கு ஒருநாள் சொல்லிக் காட்டினேன். மாமா, இதில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்கள் என்றான்.

தேவா வானை எடுத்தான். கராஜிலிருந்து கார் வெளியே வந்தது. அது போன கையோடு இரண்டு கறுப்புக் கார்கள் மண்டப வாசலில் வந்து நின்றன. நான் மைக்கின் உயரத்தைக் குறைத்து அக்காவின் பக்கம் திருப்பினேன்.

குழுவினர் இறங்கினார்கள். அந்த மனிதர் மூன்றாவதாக இறங்கினார். அக்கா அவருடைய பதவியையும் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார். அவர் நின்று திரும்பினார்.

"நான் கலா. என்ரை தம்பியின்ரை பேர் ரவி. பத்தொன்பது வயசு. நான்தான் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்து உங்கடை ஆக்களிட்டைக் குடுத்தனான். விசாரிச்சிட்டு விடுவம் எண்டு சொன்னியள். விசாரிச்சு முடிஞ்சுதோ?"

பிறகு அதையே பிரெஞ்சில் சொன்னார். வீதிக்கு மறுபக்கம் நின்ற பொலிஸ்காரர்கள் அவரைப் பார்த்தார்கள், பிறகு மண்டப வாசலைப் பார்த்தார்கள். அந்த மனிதர் உள்ளே போனார். அக்கா ஐந்து மணிவரைக்கும் தம்பியைப் பற்றிப் பேசினார். ஐந்து மணிக்கு மைக்கை என்னிடம் தந்தார். நாங்கள் வயரைச் சுருட்டினோம். ஒருவருக்கும் தண்டம் வரவில்லை.